ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கம்: பெண்களின் தற்காப்பும் தவக்குலும்

 

 

சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து எழுந்தபோது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

“ஹஜ்ரத், மகள் படிக்கிற காலேஜ்ல பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தற்காப்புப் பயிற்சி ஆரம்பிக்கிறாங்க. பேர் கொடுக்கட்டுமான்னு கேக்குறா. எங்க அத்தா வேணாங்குறாங்க. பொம்பளப் பிள்ளைக்கு அடிதடி எதுக்கு, அல்லாஹ் பாதுகாப்பான்னு சொல்றாங்க. மார்க்கத்துல என்ன சொல்லுது?”

நான் பதில் சொல்லவில்லை. “பாய், ராத்திரி கடையைச் சாத்தும்போது என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“ஷட்டரை இறக்கி ரெண்டு பக்கமும் பூட்டுப் போடுவேன். உள்ளே கேமராவும் இருக்கு.”

“ஏன், அல்லாஹ் பாதுகாக்க மாட்டானா?”

சிரித்துவிட்டார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. “துணிக்குப் ரெண்டு பூட்டுப் போட்டிருக்கேன். பிள்ளைக்கு ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலையே ஹஜ்ரத்” என்றார்.

அவர் சொன்ன அந்த வார்த்தைதான் இன்றைய ஜும்ஆவின் தலைப்பு. அல்லாஹ்வை நம்பியிருக்கிற ஒரு முஃமினான பெண் தன்னைத் தற்காத்துக்கொள்ளக் கற்பது அந்த நம்பிக்கைக்குக் குறையா? அல்லது கற்காமல் இருப்பதுதான் குறையா?

தவக்குல் என்றால் என்ன?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா, அல்லது கட்டிவிட்டு நம்ப வேண்டுமா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கட்டிவிட்டு நம்பும்படி நபியவர்கள் சொன்னார்கள். திர்மிதியில் வரும் இந்த ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், தெரிந்ததை நாம் வியாபாரத்திற்கும் வாகனத்திற்கும் மட்டுமே பொருத்திப் பார்க்கிறோம்.

ஹிஜ்ரத் பயணத்தை நினைத்துப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பு நபியவர்களைவிட யாருக்கு உறுதி? இருந்தும் மதீனா வடக்கே இருக்க, எதிரிகளின் கணிப்பை மாற்றுவதற்காகத் தெற்கே உள்ள ஸவ்ர் குகைக்குச் சென்றார்கள். மூன்று இரவுகள் தங்கினார்கள். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற செய்தி இரவில் வந்துசேர ஏற்பாடு இருந்தது. ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து, பாலும் கொடுத்து, வந்துபோனவர்களின் காலடித் தடத்தையும் அழித்தார்கள். பாதை தெரிந்த வழிகாட்டி ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். உணவு கட்டிக் கொடுத்ததில் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களுக்குப் பங்கு இருந்தது. எந்த வழியாகப் போவது, யாரை நம்புவது, யாருக்குத் தகவல் சொல்வது என்று அத்தனையும் யோசித்துச் செய்த பயணம் அது.

உஹதுப் போரில் நபியவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. இரண்டு கவசம் அணிந்ததால் அவர்களின் தவக்குல் குறைந்துவிட்டது என்று சொல்ல நம்மில் யாருக்காவது துணிவு உண்டா?

அன்பானவர்களே! உயிரும் மானமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைப் பாதுகாக்கும் கடமை அதை வைத்திருப்பவருக்கு உண்டு. பெண்ணின் உயிரும் மானமும் முதலில் அந்தப் பெண்ணிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

“வீட்டோடு இருந்தால் போதாதா?”

பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. அவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

ஆபத்து என்றவுடன் நம் கண்முன் வருவது இருட்டுத் தெருவும் முகம் தெரியாத ரவுடியும்தான். நம் நாட்டின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் விவரம் வேறு. பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 10-ல் 9-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர், கல்யாணம் செய்வதாகச் சொன்னவர் என்று பட்டியல் நீள்கிறது.

இந்தப் புள்ளிவிவரம் வருவதற்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துவிட்டார்கள். அந்நியப் பெண்கள் தனித்திருக்கும் இடத்திற்கு ஆண்கள் போகக்கூடாது என்று தடுத்தபோது, கணவனின் சகோதரன் போன்ற உறவுக்காரர்களின் நிலை என்ன என்று ஒருவர் கேட்டார். அவர்களை நபியவர்கள் மரணத்திற்கு ஒப்பிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. தெரியாதவனை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை. தெரிந்தவனைத்தான் விடுகிறோம், அதனால்தான் அந்த எச்சரிக்கை அவ்வளவு கடுமையாக இருக்கிறது.

அப்படியானால், வீட்டுக்குள் இருத்தல் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. யாருடைய நடத்தை வரம்பு மீறுகிறது என்று புரிந்துகொள்ளும் அறிவும், அதைத் தடுக்கும் துணிவும் வேண்டும்.

“ஆண்கள்தானே பெண்களுக்குப் பாதுகாவலர்கள்?” என்றும் கேட்கிறார்கள். ஆம், அந்தப் பொறுப்பு நம் மீது இருக்கிறது. ஆனால் பாதுகாவலர் எல்லா நேரமும் பக்கத்தில் இருக்க முடியாது. ஹிஜ்ரி 5-ல் அகழ்ப் போரின்போது ஆண்கள் அகழியில் நின்றார்கள், பெண்களும் குழந்தைகளும் கோட்டையில் இருந்தார்கள். எதிரி ஒருவன் கோட்டையைச் சுற்றி நோட்டமிடுவதை நபியவர்களின் மாமி ஸஃபிய்யா (ரலி) கவனித்தார்கள். உதவிக்கு ஆள் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. கூடாரக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி அவனை அடித்துக் கொன்றார்கள் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) பதிவு செய்கிறார். முதலில் அவர்கள் கவனித்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

வாய், கால், கை

தற்காப்பு என்றால் கராத்தே உடை அணிந்து ஓடு உடைப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். நல்ல பயிற்சியாளர்கள் சொல்லும் வரிசை வேறு. முதலில் வாய், அடுத்து கால், கடைசியில்தான் கை. குர்ஆனிலும் ஸீராவிலும் இந்த மூன்றுக்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது.

முதலாவது, வாய். மர்யம் (அலை) அவர்கள் தனித்திருந்த இடத்தில் ஒரு மனித உருவம் வந்து நின்றது. வந்தவர் வானவர் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. கூச்சப்பட்டு அமைதியாக நிற்கவில்லை. அவரிடமிருந்து ரஹ்மானிடம் பாதுகாப்புத் தேடுவதாக முகத்துக்கு நேரே சொன்னார்கள், அல்லாஹ்வின் அச்சத்தை நினைவூட்டினார்கள். ஹயாவின் உச்சத்தில் இருந்த பெண்மணி அவர்கள். எல்லைக்கோடு போட்டுப் பேசியதால் அவர்களின் ஹயா குறையவில்லை. அல்லாஹ் அதைத் தன் வேதத்தில் கியாமத் வரை ஓதும்படி வைத்துவிட்டான். நம் பிள்ளைகளுக்கோ “சத்தம் போடாதே, வாயை மூடிட்டு வா” என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். தப்பு செய்கிறவன் நம்பியிருப்பது அந்த மௌனத்தைத்தான்.

இரண்டாவது, கால். யூஸுஃப் (அலை) அவர்கள் பூட்டிய அறைக்குள் சிக்கியபோது வாசலை நோக்கி ஓடினார்கள். ஆபத்தான இடத்தை விட்டு விலகுவது கோழைத்தனம் ஆகாது, நபிமார்களின் வழி அது. அறைக்குள் போகும்போதே வெளியேறும் வழி எது என்று பார்ப்பது, ஏறும் ஆட்டோவின் எண்ணை வீட்டுக்கு அனுப்புவது, மனது உறுத்தினால் மரியாதைக்காகக் கூட அங்கே உட்கார்ந்திருக்காமல் எழுந்து வருவது, இவையெல்லாம் இந்தப் பாடத்தில் சேரும்.

அந்த வரலாற்றிலேயே இன்னொன்றும் இருக்கிறது. யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்பக்கம் கிழிந்திருந்ததுதான் அவர்களின் தூய்மைக்குச் சாட்சியானது. அசம்பாவிதம் நடந்துவிட்டால் உடுத்திய துணியைத் துவைக்காமல், வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று இன்று நாம் சொல்வதற்கும் அதுவே காரணம்.

மூன்றாவது, கை. ஹிஜ்ரி 8-ல் ஹுனைன் போரின்போது உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் இடுப்பில் ஒரு குத்துவாள் வைத்திருந்தார்கள். கணவர் அபூதல்ஹா (ரலி) அதை நபியவர்களிடம் சொன்னார்கள். எதற்கு என்று கேட்கப்பட்டபோது, இணைவைப்பாளன் எவனாவது தன்னை நெருங்கினால் வயிற்றைக் கிழிப்பதற்கு என்று பதில் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது. உஹதில் தண்ணீர் கொடுக்கச் சென்ற நுஸைபா (ரலி) அவர்கள், நிலைமை மாறியதும் வாள் ஏந்தி நபியவர்களைக் காத்து நின்று தோளில் ஆழமான காயம் பட்டதையும் நாம் அறிவோம்.

கை ஓங்குவதன் நோக்கம் ஜெயிப்பது இல்லை, தப்பி ஓட ஒரு நொடி கிடைப்பது. யாராவது மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கும் பக்கம்தான் அந்தப் பிடியில் பலவீனமான இடம். அந்தப் பக்கமாகத் திருகி இழுத்தால் சிறிய பெண்ணாலும் விடுபட முடியும். இதைக் கற்க அரை மணி நேரம் போதும். ஆனால் உடம்பு அதை நினைவில் வைத்திருக்கப் பழக்கம் வேண்டும்.

பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடாவில் 3 பல்கலைக்கழகங்களின் ஏறக்குறைய 900 மாணவிகளிடம் நடத்தப்பட்டு, 2015-ல் புகழ்பெற்ற மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது அது. ஒரு பிரிவினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, “நல்லவராச்சே” என்ற தயக்கத்தை உடைப்பது, வாயாலும் உடலாலும் எதிர்ப்பது ஆகியவை பாடங்கள். அடுத்த ஓராண்டில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்ற பிரிவில் 100-க்குச் சுமார் 10 பேர். பயிற்சி பெற்ற பிரிவில் சுமார் 5 பேர். ஏறக்குறைய பாதி. நூறு சதவீதப் பாதுகாப்பு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டினால் என்ன மாற்றம் வரும் என்பதை இது காட்டுகிறது.

ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும்

“திருப்பி அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு வழக்கு வந்தது. ஹுதைல் குலத்து விருந்தாளி ஒருவன், விறகு பொறுக்கச் சென்ற ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து வன்முறைக்கு முயன்றான். அவள் கல்லை எடுத்து எறிந்தாள், அவன் இறந்துவிட்டான். அவனுக்காக ஒருபோதும் இரத்தப் பரிகாரம் கொடுக்கப்படாது என்று உமர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். விறகு பொறுக்கப் போன ஓர் ஏழைப் பெண்ணின் மானத்திற்கு அமீருல் முஃமினீன் கொடுத்த மதிப்பு அது.

ஃபிக்ஹு நூல்களில் அத்துமீறித் தாக்குபவனைத் தடுப்பது பற்றித் தனிப் பாடமே உண்டு. தன் பொருளைக் காக்கப் போராடுவது கடமையில்லை, மானத்தைக் காக்கப் போராடுவது கடமை என்று ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் நூலில் இமாம் நவவி (ரஹ்) பிரித்துச் சொல்கிறார்கள். அதோடு ஒரு வரம்பும் இருக்கிறது. சத்தம் போட்டால் தீரும் என்றால் அடிக்கக் கூடாது, அடித்தால் தீரும் என்றால் அதற்கு மேல் போகக் கூடாது. தற்காப்பு பழிவாங்கலாக மாறிவிடக் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-வது பிரிவு, பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற நோக்கத்துடன் தாக்குபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பு உரிமைக்குள் அடங்கும் என்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்பு அங்கும் உண்டு. இந்த உரிமையை நம் பெண்பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

எதிர்க்க முடியாமல் போனவள்

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இந்த பயானைக் கேட்டுவிட்டு யாரும் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. “கற்றிருந்தால் தப்பியிருப்பாள், ஏன் கத்தவில்லை, ஏன் அடிக்கவில்லை” என்று பாதிக்கப்பட்டவளைக் கேட்பது அநியாயம்.

பயத்தின் உச்சத்தில் மனித உடல் உறைந்துபோகும். கை அசையாது, குரல் வராது. அது சம்மதம் ஆகாது, பலவீனமான ஈமானும் ஆகாது. எதிர்ப்பதைக் கடமை என்று சொன்ன அதே மார்க்க அறிஞர்கள், இயலாதவள் மீது அந்தக் கடமையைச் சுமத்தவில்லை. முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை தன் அடிமைப் பெண்களைத் தகாத தொழிலுக்கு நிர்பந்தித்தபோது, அதைக் கண்டித்து ஸூரத்துன் நூரில் வசனம் இறங்கியது. நிர்பந்திக்கப்பட்ட பெண்களுக்கு அங்கே கிடைத்தது மன்னிப்பும் கருணையும். சமூகத்தின் கடைசிப் படியில் இருந்த அந்தப் பெண்களுக்காக அல்லாஹ் பேசினான். நாமோ நம் சொந்தப் பிள்ளை பேசும்போது “ஊர் என்ன சொல்லும்” என்று வாயைப் பொத்துகிறோம்.

குற்றம் செய்தவன்தான் குற்றவாளி. பயிற்சி என்பது பிள்ளைக்கு நாம் கொடுக்கும் ஆயுதம். அவள் மீது தீர்ப்பு எழுதும் அளவுகோல் இல்லை.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

பயிற்சிக்கு அனுப்பும்போது மார்க்க வரம்பைப் பேண முடியுமா என்று கேட்கிறார்கள். பெண் பயிற்சியாளர், பெண்கள் மட்டும் உள்ள இடம், உடலை மறைக்கும் தளர்வான உடை என்று ஏற்பாடு செய்வது கடினமான காரியம் இல்லை. நம் மண்ணின் சிலம்பம் இருக்கிறது, கராத்தே, ஜூடோ இருக்கிறது. வெளியில் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் ஜமாஅத்தே ஏற்பாடு செய்யட்டும். மார்க்கப் பேணுதல் காரணமாகத் தடுக்கிறோம் என்று சொல்பவர்கள்தான் பேணுதலான இடத்தை உருவாக்கித் தரவும் கடமைப்பட்டவர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை ஒருவரின் மடியில் உட்கார மறுத்தால் “மாமாதானே, போ” என்று தள்ளாதீர்கள். அந்த மறுப்புதான் அவளின் முதல் தற்காப்பு. அவள் ஏதாவது சொல்ல வந்தால், முதலில் நம்புங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அநியாயம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது, 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். குடும்ப கௌரவம் என்று மூடிவைப்பவர் அநியாயக்காரனுக்குத்தான் துணை போகிறார்.

112 அவசர உதவிக்கு, 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு, 1930 இணைய மோசடிக் குற்றங்களுக்கு. இந்த நான்கு எண்களும் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை தங்களுடையது இல்லை என்று சொல்லிப் பெண்ணைத் திருப்பி அனுப்ப முடியாது. எங்கு நடந்த குற்றத்திற்கும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய நிலையத்திற்கு மாற்ற வேண்டும் என்பதே சட்டம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நம் மக்தபுகளையும் மதரஸாக்களையும் விட்டுவிட்டு ஊருக்கு உபதேசம் செய்ய முடியாது. பாடம் நடக்கும் அறை வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். ஆசிரியரும் பிள்ளையும் தனித்திருக்கும் நிலை வரக்கூடாது. பிள்ளைகள் அச்சமில்லாமல் முறையிட ஒரு மூத்த பெண்மணி பொறுப்பில் இருக்க வேண்டும்.

இளைஞர்களே! பெண்கள் தற்காப்பு கற்பதால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், முடியாவிட்டால் நாவால் தடுக்க வேண்டும் என்ற கட்டளை உங்களுக்கும்தான். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படத்தைப் பகிரும்போது “அழிடா” என்று சொல்வதும் ஒரு பெண்ணுக்கான பாதுகாப்புதான்.

அந்தத் தந்தை மறுவாரம் வந்தார். “பேர் கொடுத்தாச்சு ஹஜ்ரத். அத்தாவும் சம்மதிச்சுட்டாங்க. போகும்போது ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க” என்றார். அல்ஹம்துலில்லாஹ். பெரியவர் சொன்னது சரிதான். துஆவும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். கயிறு நம் கையில் இருக்கிறது, காவல் அல்லாஹ்விடம் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் பெண்பிள்ளைகளின் உயிரையும் மானத்தையும் உன் காவலில் வைப்பாயாக. அநியாயத்தை உணரும் அறிவையும் அதை எதிர்க்கும் துணிவையும் அவர்களுக்குத் தருவாயாக. பாதிக்கப்பட்டவர்களின் உள்ளத்திற்கு ஆறுதலையும், அவர்கள் பேசும்போது செவிசாய்க்கும் மனதை எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.